மூன்று புரிக் கோடு

மாலை நாலே முக்கால். குப்பனூர்ப் பக்கமாக மலை இறங்குகிற ரோடு. நவம்பர் மாதம், போன வருஷம் இல்லை, அதற்கு முந்தினது. பனி என்றால் நீங்கள் செல்போனில் பாட்டுச் சேர்த்துப் போட்டுக் காட்டுகிறீர்களே, அந்தப் பனி இல்லை. நீட்டின கை மணிக்கட்டோடு காணாமல் போகிற பனி. ரோட்டில் ஒரு வண்டி இல்லை. ஒரு ஆள் இல்லை...

இருங்கள். கவிதா, அந்த மெழுகுவர்த்தியை இப்படித் தள்ளு. மலை மேல், இந்த மஞ்சக்குட்டையில் காற்றடித்தால் கரண்ட் போகும். காற்று நின்றுவிட்டது என்பதற்காக உடனே வந்துவிடாது.

சாயங்காலம் நீ என்னை ஒன்று கேட்டாய். பாத்ரூமில் உன் பிலிமைக் கழுவிக் கிளிப் மாட்டித் தொங்கவிட்டேன். ஈரம்கூடச் சொட்டி முடியவில்லை, அதற்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு ஓடி வந்தாய்.

"ஏனுங்க சார், கடைசிப் படத்துல குறுக்க ஒரு கோடு விழுந்திருக்குதுங்க. கேமரா கோளாறுங்களா, கழுவுனதுல கோளாறுங்களா?"

சாப்பிட்ட பிறகு சொல்கிறேன் என்றேன். இப்போது சொல்கிறேன். பிலிம் கேமரா கற்றுக்கொள்ள வந்த நீங்கள் எட்டுப் பேரும் பேய்க் கதை வேண்டும் என்று கம்பளிக்குள் ஒடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். பிலிமில் ஆன்மா இருக்கிறது என்று பகல் முழுக்க வாய் கிழியப் பேசின கூட்டம். இருட்டினால் பாத்ரூமுக்குத் துணைக்கு ஆள் தேடுகிறது. எனக்குப் பேயில் நம்பிக்கை இல்லை. சேலத்தில் முப்பது வருஷமாகக் கேமரா ரிப்பேர் பார்க்கிறேன். எனக்குத் தெரிந்தது கோடு மட்டும்தான். அதைச் சொல்கிறேன். நடுங்குவது உங்கள் இஷ்டம்.

என் நண்பர் சிங்கராயருக்கு ஒரு மச்சான். மனைவியின் தம்பி. பேர் ஆண்டனி ராஜ். அந்த ரோட்டுக்கு மேலே ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டர். எஸ்டேட் பேர் வேண்டாம். ரைட்டர் என்றதும் கதை எழுதுகிறவன் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். காலையில் ஆட்களை எண்ணி, பேர் போட்டு, யாருக்கு எங்கே வேலை என்று ரிஜிஸ்டரில் எழுதுகிறவன். யாரோ ஒருவன் செல்போனில் காட்டினான் என்று இவனும் பழைய பிலிம் கேமரா ஒன்றை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டான். அன்றிலிருந்து தன்னைப் பெரிய கலைஞன் என்று நினைப்பு. ஒரு படம் எடுக்க அரை மணி நேரம் கண்ணை இடுக்கிக்கொண்டு நிற்பான். எடுத்த படத்தைப் பார்த்தால் ஒரு இலை இருக்கும்.

அன்றைக்கு ரோட்டோரச் சரிவில் ஒரு சில்வர் ஓக் மரத்தை வெட்டினார்கள். மரம் பள்ளத்துப் பக்கம் விழுந்தால் காப்பிச் செடிகள் நாசமாகும். அதனால் ரோட்டின் மேல் சாய்ப்பார்கள். மரத்தில் கயிறு கட்டி, ரோட்டுக்குக் குறுக்கே இழுத்து, மேட்டுப் பக்கத்துப் பலா மரத்தில் சுற்றி இறுக்குவார்கள். அறுக்க அறுக்கக் கயிறு தொய்யும்; மறுபடி இறுக்குவார்கள். அதுவரைக்கும் வண்டி வரக் கூடாது. மேல் வளைவில் ஒரு ஆள், கீழ் வளைவில் ஒரு ஆள், கையில் சிவப்புத் துணி. மரம் தரையில் விழுந்த சத்தம் காதில் கேட்கிற வரைக்கும் துணி கையைவிட்டுப் போகக் கூடாது. எஸ்டேட்டில் பச்சைப் பிள்ளைக்கும் தெரிந்த சட்டம் இது.

கீழ் வளைவில் ஐயாக்கண்ணு நின்றார். மலையிலேயே பிறந்த விவசாயி. சாமை வேலை இல்லாத மாதங்களில் எஸ்டேட்டுக்கு வருவார். மேல் வளைவுக்கு ஆள் இல்லை. ஆகவே ரைட்டரே நிற்க வேண்டியதாகிவிட்டது.

நின்றானா? பனி அழகாக இருந்ததாம். துணியைக் கொய்யாக் கிளையில் தொங்கவிட்டுவிட்டு, பக்கத்துப் பாறை மேல் ஏறிப் படம் எடுக்கப் போய்விட்டான். கலை!

மேலே இருந்து மாதேஷ் வந்தான். இந்த ஊர்ப் பையன்தான், இருபத்தாறு வயது. பைக்கின் பின்னால் ஒரு மூட்டை ஆரஞ்சு, குப்பனூரில் இறக்குவதற்கு. பெட்ரோல் மிச்சம் பிடிக்க என்ஜினை அணைத்துவிட்டு நியூட்ரலில் இறங்குவார்கள் இல்லையா, அப்படி வந்தான். அதனால் சத்தம் இல்லை. ஈர ரோட்டில் டயர் ஓடுகிற சர்ர்ர்... அது மட்டும். பனியில் கிளையில் தொங்குகிற துணியை எவன் பார்ப்பான்? அப்புறம் கயிறு அதிர்ந்த சத்தம். ஒரே ஒரு தடவை... ஞொய்ங்ங்... அவ்வளவுதான். பைக் எங்கேயோ போய் விழுந்தது. ஆரஞ்சுப் பழங்கள் ரோட்டில் உருண்டன. நசுங்கின தோலின் வாசம் பனிக்குள் அப்படியே நின்றதாம்.

முதலில் ஓடி வந்தது ஐயாக்கண்ணு. கீழ் வளைவிலிருந்து மூச்சிரைக்க ஏறி வந்து, பையன் தலையை மடியில் வைத்து, கையிலிருந்த சிவப்புத் துணியாலேயே கழுத்தைச் சுற்றிப் பிடித்துக்கொண்டார். பிடித்து என்ன பயன்? போலீஸ் வந்தபோது அவர் கயிற்றுக்கு மேல் பக்கத்தில், கையில் துணியோடு உட்கார்ந்திருந்தார். ரைட்டரின் துணி ரைட்டரின் பேன்ட் பாக்கெட்டுக்குள் போயிருந்தது.

"மேல நின்னது ஐயாக்கண்ணுங்க சார். நான் கீழ நின்னனுங்க" என்றான் ஆண்டனி ராஜ்.

ரிஜிஸ்டரிலும் அப்படியே எழுதிவிட்டான். பேனா அவன் கையில். மரம் அறுத்தவர்களுக்கு மறுநாளும் அவன்தான் பேர் போட வேண்டும். 'பனியில ஒண்ணும் தெரியலீங்க' என்று ஒதுங்கிக்கொண்டார்கள். அஜாக்கிரதையால் ஒரு உயிரைப் போக்கினதாக ஐயாக்கண்ணு மேல் கேஸ். ஜெயில் நிச்சயம் என்று எல்லோரும் சொன்னார்கள். இதை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: அந்த மனிதர் மேலே நின்றாரா, கீழே நின்றாரா என்பதுதான் மொத்தக் கேஸும்.

ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. இந்த பிப்ரவரியில் ஆண்டனி ராஜ் என் கடைக்கு வந்தான். கழுத்தில் கேமரா, கையில் நெகட்டிவ் உறை. முப்பத்தாறு படத்தை முடிக்க அந்த மகா கலைஞனுக்கு அவ்வளவு நாள் பிடித்திருக்கிறது.

"ஏனுங்கண்ணா, லேபுக்காரன் கோடு போட்டு நாசம் பண்ணிப்போட்டானுங்க. கேட்டா உங்க கேமராதான்ங்கறான். நொம்ப நல்ல பனிப் படமுங்க. போட்டிக்கு அனுப்பலாம்னு வெச்சிருந்தனுங்க."

எந்தப் பனி என்று புரிகிறதா? ஒரு பையன் செத்த பனி. அதைக் கழுவி, பெரிதாக்கி, போட்டிக்கு அனுப்ப இருந்தான்.

கோடு பார்ப்பதில் மர்மம் ஒன்றும் இல்லை. பிலிமின் நீளத்துக்கு ஓடுகிற கோடு என்றால் பிலிம் நகரும்போது எதிலோ உரசியிருக்கிறது. பளபளப்பான பக்கம் கீறியிருந்தால் பிரிண்ட்டில் கோடு வெள்ளையாக விழும். கேமராவின் பின்கதவில் பிலிமை அழுத்துகிற தகடு இருக்கும், அதில் மணல் துகள் ஒட்டியிருக்கும். மங்கலான பக்கம் கீறியிருந்தால் மருந்தே சுரண்டிப் போயிருக்கும், கோடு கறுப்பு. இவன் கோடு வெள்ளை. சரி, தகடுதான் என்று திறந்தேன். தகடு சுத்தமோ சுத்தம். வேண்டாத பிலிம் ஒன்றை உள்ளே போட்டு, கடைசி வரை சுற்றி, வெளியே எடுத்து டியூப் லைட்டில் சாய்த்துப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை.

பிறகு அவனுடைய நெகட்டிவை உருவினேன். ஆறு ஆறு படமாக வெட்டின ஆறு துண்டுகள். அதையும் சாய்த்துப் பார்த்தேன். இரண்டு பக்கமும் வழவழப்பு. நகத்தை ஓட்டினால் எங்கேயும் இடறவில்லை. அப்புறம்தான் கவனித்தேன். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் வெற்றிடம் இருக்கும் இல்லையா? கீறல் என்றால் அதன் மேலும் ஓட வேண்டும். இந்தக் கோடு படத்துக்குள் மட்டும் இருந்தது. வெற்றிடம் சுத்தம்.

அதாவது அது பிலிமில் விழுந்த கோடு இல்லை. லென்ஸ் வழியாக உள்ளே வந்த கோடு.

பூதக்கண்ணாடியை வைத்தேன். கோடு நேராக இல்லை. நடுவில் கொஞ்சம் தொய்ந்திருந்தது. கீறல் தொய்யாது. இன்னும் குனிந்து பார்த்தேன். முறுக்குத் தெரிந்தது. எண்ணினேன்... மூன்று புரி.

யார் சிரிக்கிறது? பாலகுமாரா? சொல்லு.

"இல்லீங்க சார்... துணி காயப் போடுற கயித்த எடுத்திருப்பாருங்க."

அறிவாளி. இருபத்தொன்றாவது படம் வரைக்கும் கோடு இல்லை. இருபத்திரண்டில், பனிக்குள் தலைமுடி அளவுக்கு ஒன்று. அதற்குப் பிறகு வந்ததெல்லாம் வேறு இடம், வேறு மாதம். சர்ச்சில் கிறிஸ்துமஸ் பூசை. அக்கா மகள் முதன்முதலாக நற்கருணை வாங்கின புதுநன்மை. எல்லாவற்றிலும் குறுக்கே அதே கயிறு. சர்ச்சுக்குள் பீடத்துக்கு முன்னால் எவன் துணி காயப் போடுகிறான்?

இன்னும் கேள். கயிறு பீடத்துக்கு முன்னால் போகிறது, ஆனால் ஆட்களுக்குப் பின்னால் போகிறது. அந்தக் குழந்தையின் வெள்ளைக் கவுனுக்குப் பின்னால் மறைந்து, அந்தப் பக்கம் மறுபடி வெளியே வருகிறது. மனிதனுக்குப் பின்னால் ஒளிகிற கீறலை நான் என் சர்வீஸில் பார்த்ததில்லை. அடுத்தடுத்த படத்தில் தடித்துக்கொண்டே வேறு வந்தது. கயிறு தடிக்கவில்லை. கிட்டே வந்துகொண்டிருந்தது.

உறையிலிருந்து ஒரு வாசம். பழைய பிலிமில் புளித்த வாசம் அடிக்கும், எனக்குப் பழக்கம். இது அது இல்லை. ஆரஞ்சுத் தோல்.

இருபத்தொன்றாவது படத்துக்குத் திரும்பினேன். பாறை மேலிருந்து கீழே பார்த்து எடுத்தது. பனி ஒரு நொடி விலகியிருக்கிறது. பாதி அறுத்த மரம். குறுக்கே நிஜக் கயிறு, கட்டின இடத்தில். அதற்கும் கீழே, கீழ் வளைவின் கிலோமீட்டர் கல் பக்கத்தில் ஒரு ஆள். நெகட்டிவில் சிவப்பு நீலப்பச்சையாகத் தெரியும். அந்த ஆள் கையில் நீலப்பச்சையாக ஒரு பொட்டு. ஐயாக்கண்ணு! அவர் கீழே நிற்கிறார் என்றால், மேலே நின்று இந்தப் படத்தை எடுத்தவன் யார்? சிங்கராயர் அடிக்கடி சொல்லி அந்தக் கேஸ் எனக்கு மனப்பாடம்.

"தம்பி, கோளாறு கேமராவுலயும் இல்ல, லேபுலயும் இல்ல. அன்னைக்கு மேல் வளைவுல நின்னது நீதான?" என்று கேட்டேன்.

"என்னுங்கண்ணா, கேமராவப் பார்க்கச் சொன்னா சம்பந்தமில்லாம பேசுறீங்க?"

முகம் சுண்டிப்போயிற்று. ஆனால் பாருங்கள், அப்போதும் கோட்டுக்கு வேறு யாராவது பொறுப்பேற்க வேண்டும் அவனுக்கு. சரி என்று என்னிடமிருந்த கறுப்பு வெள்ளை பிலிமில் பன்னிரண்டு படத்துக்கு ஒரு ரோல் சுற்றிக் கொடுத்தேன். எடுத்துக்கொண்டு வா, உன் கண் முன்னால் நானே கழுவுகிறேன் என்றேன். நெகட்டிவ் என்னிடமே இருந்தது.

ஒரு வாரத்தில் வந்தான். கழுவினேன். முதல் படம் பஸ் ஸ்டாண்ட். கோடு நூல் அளவு. ஆறாவதில் விரல் தடிமன். பதினொன்றாவதில் அவன் மனைவி வாசலில் நிற்கிறாள். அவள் தோளை உரசிக்கொண்டு பின்னால் போகிறது. பன்னிரண்டாவது, கேமராவைச் சுவர் மேல் வைத்து, டைமர் போட்டுத் தன்னைத்தானே எடுத்துக்கொண்டது.

அதில் கயிறு அவனுக்கு முன்னால் இருந்தது. கழுத்து உயரத்தில்.

பிலிமைக் கிளிப்பில் மாட்டிவிட்டுச் சொன்னேன். "அடுத்த வாரம் சாட்சி சொல்லப் போறியாமே. உண்மையச் சொல்லிப்போடு."

"ஒரு கோட்டுக்குப் பயந்துட்டு நான் ஜெயிலுக்குப் போறதுங்களா?" என்றான். "ஐயாக்கண்ணுக்கு என்னங்க? வெளிய இருந்தாலும் மம்பட்டி, உள்ள போனாலும் மம்பட்டி."

இப்படிச் சொன்னான். என் கடையில், என் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு. காறித் துப்பலாம் போல இருந்தது. துப்பினேனா? இல்லை. நெகட்டிவைக் கேட்டான். அவன் பொருள், எடுத்துக் கொடுத்துவிட்டேன். எதிரே சாக்கடை ஓரத்தில் உறையோடு வைத்துக் கொளுத்தினான். சுருண்டு, உருகி, நாறியது. பிறகு செல்போனில் தன்னை ஒரு படம் எடுத்து என்னிடம் நீட்டினான். கோடு இல்லை. "பாருங்க, போயிருச்சு" என்று சிரித்தான்.

கடை அடைக்கும்போது பார்க்கிறேன். லைட் பெட்டியின் மேல், பூதக்கண்ணாடிக்கு அடியில் ஒரு துண்டு. பத்தொன்பதிலிருந்து இருபத்துநாலு வரைக்கும். தினமும் எழுபது ஆளை எண்ணுகிற ரைட்டருக்கு ஆறு துண்டை எண்ணத் தெரியவில்லை.

அடுத்த வாரம் கோர்ட்டில் சாட்சி சொன்னான். தடுமாற்றமே இல்லையாம். மேலே நின்றது ஐயாக்கண்ணு, கீழே நின்றது நான். சொல்லிவிட்டு, பிரியாணி சாப்பிட்டுவிட்டு, குப்பனூர் வழியாக பைக்கில் மலை ஏறினான். நாலே முக்கால். மார்ச் மாத வெயில். பனி இல்லை. மரம் வெட்டவில்லை. ரோட்டுக்குக் குறுக்கே ஒன்றும் இல்லை. பின்னால் ஒரு ஷேர் ஜீப் வந்தது. அந்த டிரைவர் போலீஸிடம் சொன்னதும் இதுதான், இன்றைக்குக் கேட்டாலும் சொல்வது இதுதான்.

"வண்டி போயிருச்சுங்க... ஆளு நின்னுட்டாருங்க."

கழுத்தில் ஒரு தடம் என்று மட்டும் எழுதினார்கள். உடம்பைக் குளிப்பாட்டினவர்களில் சிங்கராயரும் ஒருவர். தடத்தில் முறுக்கு இருந்ததா என்று கேட்டேன். அவர் என்னைத் திருப்பிக் கேட்டார்: "ஏனுங்க, மார்ச்சு மாசத்துல ஆரஞ்சு எங்கீங்க இருக்குது?"

கதை முடிந்தது என்று கம்பளியை இழுக்காதீர்கள். பொய் சொன்னவன் போய்விட்டான். அவன் சொன்ன பொய் கோர்ட்டுக் காகிதக் கட்டுக்குள் பத்திரமாக இருக்கிறது. இனி அவனே வந்து மாற்றிச் சொல்ல முடியாது. ஐயாக்கண்ணு கீழே நின்றார் என்பதற்கு உலகத்தில் ஒரே சாட்சி அந்த ஆறு படத் துண்டு. நான் என்ன செய்தேன்? சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். சிங்கராயரிடம்கூடச் சொல்லவில்லை. கோர்ட்டுப் படி ஏறினால் கடையைப் பூட்ட வேண்டும். உன் கைக்கு எப்படி வந்தது, அன்றைக்கே ஏன் கொடுக்கவில்லை என்று வக்கீல் குடைவான். நாளைக்கு, அடுத்த வாரம் என்று மூன்று மாதம் ஓடிவிட்டது.

ஐயாக்கண்ணுவின் மனைவி கண்ணாயி ஆண்டனி ராஜின் வீட்டுக்கே போய் நின்றாளாம். "நெசத்த ஒரு காயிதத்துலயாச்சும் எழுதி வெச்சிட்டுப் போனாருங்களா, தேடிப் பாருங்க சாமி" என்று அவன் பெண்டாட்டி காலைப் பிடித்தாளாம். சிங்கராயர் இதைச் சொன்னபோதும் துண்டு என் பையில்தான் இருந்தது. டீ குடித்துக்கொண்டே கேட்டேன். அவனை இவ்வளவு நேரம் ஏசினேனே, எனக்கு என்ன யோக்கியதை? அவனாவது தன் தோலைக் காப்பாற்றப் பொய் சொன்னான். நான் கடை ஷட்டருக்காக வாயை மூடிக்கொண்டிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை தீர்ப்பு. இன்றைக்குப் புதன்.

"சார்... அப்ப என்ற கேமரா?"

உன் கேமரா நல்ல கேமரா, கவிதா கண்ணு. பயப்படாதே. கழுவினதிலும் கோளாறு இல்லை, கழுவினது நான். சாப்பிட உட்காருவதற்கு முன்னால் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டேன். மத்தியானம் வாசல் கேட்டுக்கு முன்னால் டைமர் போட்டுவிட்டு ஓடி வந்து எங்களோடு நின்றாயே, அந்தப் படம்தான் அது. பிலிம் வழவழவென்று இருக்கிறது. கோடு தொய்ந்திருக்கிறது.

விடிந்ததும் உங்களில் ஒருவர் என்னைச் சேலத்தில் கொண்டுபோய் விட வேண்டும். ஐயாக்கண்ணுவின் வக்கீல் வீடு எனக்குத் தெரியும். கொண்டை ஊசி வளைவு வழியாகப் போகலாம். குப்பனூர் வழி வேண்டாம்.

படத்தில் ஒன்பது பேர் நிற்கிறோம். எட்டுப் பேருக்குப் பின்னால் போகிறது.